கறுப்பு வயிற்றுக் கிபிர்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

உன் மாமாவில் எனக்குப் பொறாமை. சுகம் விசாரித்து, மழை தண்ணி எழுதி, பிறகு மெல்ல இதற்கு வரலாம் என்றுதான் பேனையை எடுத்தேன். அப்படிச் சுற்றி வளைத்தால் கடைசி வரைக்கும் இதை எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே போட்டு உடைக்கிறேன். உன்னுடைய வருங்கால மாமனாரில், புளியங்குளத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற அந்த நல்ல மனிதரில், எனக்குப் பொறாமை. நல்ல மனிதர் என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! சந்தி வரைக்கும் போய்ச் சொல்லித் திரிந்திருப்பேன்.

இன்னும் கொஞ்ச நாளில் உனக்குக் கல்யாணம். தாலி கட்டியதும் எங்கள் வழக்கப்படி நீ பெண் வீட்டோடு போய்விடுவாய். அதில் எனக்கு மனக்குறை இல்லை, நானும் அப்படி வந்தவன்தான். நீ பிறந்து வளர்ந்த இந்தத் தர்மபுரம் வளவு உன் அம்மாவின் சீதனம். நான் ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்து ஏறினவன். கல்யாணம் முடிந்து சில மாதங்களில் என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். நான் மாமனாரோடு சேர்ந்து வேலி அடைத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு வர மனமில்லாமல், "இருங்கோ அப்பா, இந்தா வாறன்" என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். அவர் கதிரையின் நுனியில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கிடுகு கட்டுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, "போட்டு வாறன்" என்றார். சமைத்த சோறு அப்படியே கிடந்தது. இந்த மனிதருக்கு என்ன பிடித்தது என்று அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்போது என் முறை. கல்யாண நாள் வைக்க நானும் அம்மாவும் புளியங்குளம் வந்த அன்றைக்குத்தான் அந்த மேசையை முதன்முதலாகக் கண்டேன். நீ வவுனியாவில் வேலை முடிந்து நேரே அங்கே போயிருந்தாய். வாசலில் மருமகளாக வரப்போகிற தர்சினி எங்களை வரவேற்று உள்ளே கூட்டிப் போனாள். உள்ளே பார்த்தால் கண்ணாடி அலுமாரி நிறைய விமானங்கள். எல்லாம் பிளாஸ்டிக், எல்லாம் கையால் ஒட்டிப் பெயின்ற் அடித்தவை. சில உள்ளங்கைக்குள் அடங்கும், சில முழ நீளம் வரும். உன் மாமா கட்டாரில் விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற வேலை செய்த காலத்தில், ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்காரன் பழக்கிவிட்ட பழக்கமாம். அலுமாரிக்குப் பக்கத்தில் மேசை. மேசை விளக்குக்குக் கீழே நீயும் உன் மாமாவும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தீர்கள். நீ நிமிர்ந்து, "வாங்கோ அப்பா" என்றாய். சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாய்.

குனிந்தது பரவாயில்லை, தம்பி. நீ கதைத்துக்கொண்டிருந்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேலை செய்கிற இடத்து மேலதிகாரியைப் பற்றி, வவுனியாவில் தங்கியிருக்கிற அறையில் எலி வந்ததைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் அடி வாங்கியதைப் பற்றி, நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தாய். அந்த வாத்தியாரிடம் நீ அடி வாங்கினாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னோடு நீ போனில் கதைக்கிற கதை என்ன? "சாப்பிட்டியோ?" "ஓம்." "அங்க மழையோ?" "ஓம்." "சரி, அம்மாட்டைக் குடுக்கிறன்." இதுதான் நம் இருவரின் கதை. வருசக்கணக்காக இதே மூன்று வசனம்தான், மழை இல்லாத காலத்தில் இரண்டு. உன் மாமா என் பக்கம் திரும்பி வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "சம்பந்தி, மாப்பிள்ளை சரியான ஊமை எண்டு தர்சினி சொன்னவள். இஞ்ச வந்தா ஆள் ரேடியோ." நான், "வீட்டிலயும் அவன் அப்பிடித்தான்" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மேசையில் இருந்த பெட்டியை அப்போதுதான் கவனித்தேன். மூடியில் ஒரு போர் விமானத்தின் படம். என்ன விமானம் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே உன் மாமா சொன்னார். கிபிர்.

இந்தக் கடிதத்தைத் தர்சினியும் வாசிப்பாள் என்பதால் அவளுக்காக ஒரு வார்த்தை. அவள் அந்தச் சண்டை நாட்களில் கொழும்பில் பெரியம்மா வீட்டில் இருந்து படித்த பிள்ளை, இது அவளுக்குக் கேள்விப்பட்ட கதை. எங்களுக்குக் கிபிர் என்பது தலைக்கு மேலே வந்து குண்டு போட்டுவிட்டுப் போகிற விமானம். அது வருவது தெரியாது, சத்தம் கேட்கும்போது பெரும்பாலும் மேலே வந்துவிட்டிருக்கும். வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடிய பங்கர் இருந்தது. சத்தம் கேட்டதும் தம்பியைத் தூக்கிக்கொண்டு பாய்வேன். உள்ளே குப்புறப் படுக்கவைத்து, இவனுக்கு மேலே நான் படுத்து, பிடரியில் கையை வைத்து அமத்திப் பிடிப்பேன். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை, துடிப்பான், தலையைத் தூக்கப் பார்ப்பான். நான் விடமாட்டேன். அவ்வளவுதான், மகள்.

உன் மாமா மேலும் சொன்னார். "முதல்முதல் என்ன பிளேன் செய்யப் போறாய் எண்டு கேட்டனான், சம்பந்தி. கிபிர் எண்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஏன் தம்பி அந்தச் சனியன் எண்டன். 'நான் ஒருக்காவும் காணேல்லை மாமா. சத்தம் மட்டும்தான். அப்பா பாக்க விடேல்லை' எண்டான்." அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மிகவும் அன்பாக, கண் கலங்கச் சொன்னார். அது எனக்கு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போல இருந்தது. நான் உன்னை மூடிப் படுத்தது உனக்கு 'பாக்க விடேல்லை' என்று ஆகிவிட்டதா? சரி, அப்படியே இருக்கட்டும். அதை ஏன் எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொன்னாய்? நான் மறைத்ததை அவர் பெட்டியோடு வாங்கி வந்து காட்டுகிறார், அதற்கு விளக்கும் பிடிக்கிறார். இதுதான் அன்றைக்கு என் மனதில் ஓடியது. அம்மா பெட்டியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உது சத்தம் போடாதுதானே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். அம்மா பகிடிக்குக் கேட்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அதே நினைப்புத்தான். உன் மாமாவுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். பொடியன் இல்லையென்ற குறை அவருக்கு இருந்திருக்கும், பாவம். ஆனால் அதற்காக, மூக்குச் சிந்தி, முழங்காலுக்கு மருந்து போட்டு, சைக்கிள் பழக்கி, பரீட்சைக்கு ஏற்றி இறக்கி வளர்த்தெடுத்த என் பிள்ளையை, ஒரு பசைப் போத்தலைக் காட்டிக் கொண்டுபோவதா? யாரோ உழுது விதைத்த வயலில் யாரோ வந்து சூடடித்துக்கொண்டு போகிறதாகத்தான் எனக்குப் பட்டது. அம்மாவிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு எரிச்சல்" என்றார். "எனக்கென்ன எரிச்சல்?" என்று சத்தம் போட்டேன். "அப்ப ஏன் கத்திறியள்?" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன், வெட்ட அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

அதற்குப் பிறகுதான் நீ போன் எடுத்தாய். வழக்கமான மூன்று வசனம் முடிந்ததும் அம்மாவிடம் கொடுக்கப் போனேன். "அப்பா, நில்லுங்கோ. உங்களிட்டத்தான் ஒண்டு கேக்க வேணும்" என்றாய். என்னிடம்தான் கேட்க வேண்டுமாம்! "கேள் தம்பி" என்றேன். "கிபிர் ஒட்டி முடிஞ்சுது. இனிப் பெயின்ற். அதின்ர வயித்துப் பக்கம் என்ன நிறம், அப்பா? நீங்கள் கண்டனீங்கள்தானே." பின்னால் உன் மாமாவின் குரல் கேட்டது: "பெட்டியில வெளிர் சாம்பல் எண்டு கிடக்கு, தம்பி. எதுக்கும் அப்பாவைக் கேள்." எதுக்கும் அப்பாவைக் கேளாம்! என்னிடம் கேட்க உனக்கு அவர் உத்தரவு கொடுக்கிறார். அந்த ஆத்திரத்தில், நாக்கில் நரம்பில்லாமல், வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"கறுப்பு" என்றேன். "நல்ல கறுப்பு. கரி மாதிரி."

"சரியாத் தெரியுமோ அப்பா?"

"நான் கண்டனான் எண்டுறன். பெட்டி கண்டதோ?"

"சரி அப்பா, கறுப்பே அடிக்கிறன்" என்றாய். போனை வைத்ததும் நான் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுக் குடித்தேன். வெளிர் சாம்பல் என்று அவர் சொன்னதற்காகவே நான் சாம்பலைச் சொல்லவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர் நீலம் என்றிருந்தாலும், மஞ்சள் என்றிருந்தாலும் நான் வேறு ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு சேலை எடுக்கவென்று நாங்கள் வவுனியாவுக்குப் போய்த் திரும்புகிற வழியில் புளியங்குளத்தில் இறங்கினோம். இரணைமடு விராலை ஐஸ் போட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன், எங்கள் பக்கத்திலும் ஏதோ இருக்கிறது என்று காட்டத்தான். உன் மாமா அதை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து அலுமாரிக்குக் கூட்டிப் போனார். நடுத் தட்டில், அவருடைய மற்ற விமானங்களை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, உன் கிபிர் நின்றது. மேலே பச்சையும் மண்ணிறமும். அதைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். வயிறு முழுக்கக் கறுப்பு. "இதால எங்கள் ரெண்டு பேருக்கும் சண்டை, சம்பந்தி" என்றார். "பிழை தம்பி, படத்தைப் பார், புத்தகத்தைப் பார், உலகத்தில ஒரு கிபிருக்கும் வயிறு கறுப்பில்லை எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தன். கேக்கிறானோ? 'படம் கீறினவன் காணேல்லை மாமா, அப்பா கண்டவர்' எண்டு ஒரே பிடி. எனக்குக் கோவமும் வந்தது, பேந்து சந்தோசமாயும் இருந்தது. பெத்த பிள்ளை இப்பிடியெல்லோ இருக்க வேணும்."

அந்த இடத்தில் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வென்றுவிட்டேன். அலுமாரி அவருடையது, மேசை அவருடையது, பெட்டி அவருடையது, ஆனால் நீ என் சொல்லைத்தான் கேட்டாய். அதையும் அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன். அப்படியிருந்தும் அவர் அந்த விமானத்தை என் கையில் தர வந்தபோது நான் வாங்கவில்லை. கை ஈரம் என்று சாட்டுச் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று, "எப்பிடியப்பா, சரியோ?" என்று கேட்டாய். சின்ன வயதில் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டுவாயே, அந்த முகம். "சரி" என்றேன். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அம்மா சேலையைப் பற்றியே கதைத்தார். நான் எல்லாவற்றுக்கும் "ம்" என்றேன்.

தம்பி, நான் கிபிரைக் காணவில்லை.

ஒருக்காலும் காணவில்லை. உன் தலையை அமத்திப் பிடித்திருந்த நேரம் என் முகம் உன் தலைமயிருக்குள் இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பேன். பயம். உனக்கு மேலே படுத்திருந்த அப்பா மேலே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீ இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறாய். தேத்தண்ணிக் கடையில் ஆம்பிளையள் கூடினால், அது எப்படிக் குத்தி எழும்பியது, எப்படி வெள்ளி மாதிரி மினுங்கியது என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். நானும் தலையை ஆட்டுவேன். அப்படி ஆட்டி ஆட்டி, கண்டவன் மாதிரியே ஆகிவிட்டேன். அவர்களில் எத்தனை பேர் உண்மையாகக் கண்டார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். கறுப்பு என்று என் வாயில் வந்ததும் காரணமில்லாமல் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். கண்ணை மூடினவனுக்கு வேறு என்ன நிறம் தெரியும்?

இதை நான் எப்படிச் சொல்லத் துணிந்தேன் என்பதையும் எழுத வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம், நீ சிரிக்கக்கூடாது. கிளிநொச்சியில் போன் திருத்துகிற கடைக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து சாமான்களைப் போனிலேயே கேட்டு எடுத்துக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டேன். போய் அவரிடம், விமானம் ஒட்டுகிற பெட்டி ஒன்று வேண்டும் என்றேன். "பேரனுக்கோ ஐயா?" என்று கேட்டார். ஓம் என்றேன், உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. என்ன விமானம் என்றார். கிபிர் என்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேரைக் குறித்துக்கொண்டார். பெட்டி வந்தது. உன் மாமாவுடையதைவிடச் சின்னது. அதற்கும் எனக்குக் கோபம்.

பெட்டியைக் குசினி மேசையில் வைத்துத் திறந்தேன். சட்டம் சட்டமாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக், அதில் சின்னஞ்சிறு துண்டுகள். அவற்றை வெட்டியெடுக்க உன் மாமாவிடம் தனிக் குறடு இருக்கிறது, என்னிடம் நகவெட்டி. முதல் துண்டை வெட்டும்போதே அது துள்ளி அடுப்படிக்குள் போய்விட்டது. அதைத் தேடியெடுத்தேன். ஒட்டினேன். துண்டு துண்டோடு ஒட்டாமல் என் பெருவிரலோடு ஒட்டியது. மண்வெட்டி பிடித்து மரத்துப்போன விரலுக்கு, அரிசிமணி அளவுச் சாமானைப் பிடித்திருக்கிறதே தெரியவில்லை. சக்கரம் ஒன்றை மூன்று தரம் நிலத்தில் விட்டேன். அம்மா அரிவாளை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "எங்களுக்கு மேல குண்டு போட்டதை இப்ப வீட்டுக்குள்ளயே வைச்சு ஒட்டிறியளோ?" என்றார். "உமக்கு விளங்காது, போம்" என்றேன். "எனக்கு எல்லாம் விளங்குது. அவரை விடக் கெட்டித்தனமா ஒட்டிப் போட்டுப் பிள்ளைக்குக் காட்டப் போறியள்" என்றார். என்னத்தைச் சொல்ல! முப்பது வருசம் ஒரே சட்டியில் சமைத்தவருக்கு என் மனம் தெரியாமல் இருக்குமா?

விமானத்தின் உடம்பு இரண்டு பாதியாக வரும். பசை பூசி இரண்டையும் சேர்த்தால், அது பிடிக்கும் வரை அசையாமல் அமத்திக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இரண்டு கை போதவில்லை. கடைசியில், "இஞ்சாரும், இந்த நுனியை ஒருக்காப் பிடியும்" என்று கேட்டேன். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வந்து பிடித்தார். வாலை நான் பிடித்தேன், மூக்கை அம்மா பிடித்தார். இரண்டு பேரும் அந்தச் சாமானையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. கையை எடுக்கவும் ஏலாது, எழும்பிப் போகவும் ஏலாது. அப்படி நிற்கும்போது, என்னை அறியாமலே, "நான் இதைக் கண்டதில்லை" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருசம் அம்மாவுக்கும் சொல்லாததை. தம்பிக்குப் பொய் சொன்னதையும் சொன்னேன். அம்மா, "பூனை கண்ணை மூடினா பூலோகம் இருண்டதாம் எண்டு சும்மாவோ சொன்னவை?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவரும் சொன்னார். பங்கருக்குள் என் காலடியில் கிடந்து, நீயும் நானும் மூச்சு விடுகிறோமா என்று ஒவ்வொரு முறையும் என் முதுகைத் தடவித் தடவிப் பார்ப்பாராம். எனக்கு அது தெரியாது. குண்டு அதிர்ந்து மண் கொட்டுகிறது என்றே நினைத்திருக்கிறேன்.

உன் மாமாவிடம் நீ கதைப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர் என்னைவிட நல்ல மனிதர் என்பதால் அல்ல, தம்பி, அப்படி நீ நினைத்தாலும் எனக்குச் சொல்லாதே. அவரிடம் ஒரு மேசை இருக்கிறது. கையில் வேலை, கண் கீழே, பசை காயும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாய் தானாகத் திறக்கிறது. நான் உன்னை எப்போதும் நேருக்கு நேர் நிறுத்தி வைத்துத்தான் கேள்வி கேட்டிருக்கிறேன். ஏன் மாக்ஸ் குறைந்தது, எங்கே போனாய், யாரோடு போனாய். வயலுக்குக் கூட்டிப் போகச் சொல்லி நீ கேட்ட நாட்களில், "போய்ப் படி" என்று திருப்பி அனுப்பினேன். சேற்றில் நீ நிற்கக்கூடாது, மேசையில் இருந்து சம்பளம் வாங்க வேண்டும் என்ற ஆசையில்தான். அப்படியே ஆனது. நீ மேசைக்குப் போனாய், நான் வரம்பில் நின்றுவிட்டேன்.

அறிவுரை சொல்லாமல் அப்பன் கடிதம் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தர்சினியோடு ஏதாவது மனவருத்தம் வந்தால், எதிரில் கதிரை போட்டு இருந்து நியாயம் பேசாதே. முருங்கைக்கீரை ஆய்கிற நேரம் பக்கத்தில் போய் இரு, நீயும் ஒரு பிடி ஆய்ந்து கொடு. மாமனார் வீட்டில் இருக்கும்போது மரியாதையாக இரு, அவர் சொல்வதைக் கேள். இதை எழுதும்போது என் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னை விட்டு வேறு ஒருவரிடம் போய்க் கதை சொன்னால், அவரை வெல்வதற்காக அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லாதே. அது உன்னை நம்பிவிடும். நம்பினால் எப்படி இருக்கும் என்று நான் உன் மாமாவின் அலுமாரிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டேன். அந்தக் கறுப்பை உரசிவிட்டு வெளிர் சாம்பல் அடிப்பதா, அப்படியே விடுவதா என்பது உன் விருப்பம். உன் மாமாவிடம் நான் பொய் சொன்னதை நீயே சொல்லிவிடு. அவர் சிரித்துவிட்டு என்னை மன்னித்துவிடுவார். அவர் மன்னிக்கப் போகிறாரே என்பதுதான் எனக்கு இன்னொரு எரிச்சல்.

எனக்கு உன்னிடம் ஒன்றுதான் வேண்டும். பங்கருக்குள் உனக்கு எப்படி இருந்தது என்று நீ அவருக்குச் சொன்ன கதையை எனக்கும் ஒரு முறை சொல். என் கை பாரமாக இருந்ததா? மூச்சு முட்டியதா? என்னில் கோபம் வந்ததா? நான் குறுக்கே பேசமாட்டேன், நியாயம் சொல்லமாட்டேன். உனக்கு மேலே கிடந்தவன் நான். கீழே கிடந்த உன் கதையை ஊரில் மற்றவர்கள் அறிந்த பிறகு கடைசியாக அறிகிறவனாக நான் சாக ஏலாது.

வெட்டு முடிந்துவிட்டது, நெல்லும் காய்ந்துவிட்டது, கல்யாணம் வரை எனக்கு இங்கே பெரிய வேலை இல்லை. குசினி மேசையில் என் விமானம் கிடக்கிறது. உடம்பு ஒட்டியாயிற்று, கொஞ்சம் கோணல். இரண்டு பக்கச் செட்டைகளும் இன்னும் ஒட்டவில்லை. ஒட்டத் தெரியாமல் அல்ல, இப்போது எனக்குக் கொஞ்சம் கை பழகிவிட்டது. ஒட்டாமல் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு வந்து நில். ஒரு செட்டையை நீ பிடி, மற்றதை நான் பிடிக்கிறேன். நீ வருகிறாய் என்று கேள்விப்பட்டதும் உன் மாமா தன்னுடைய குறடு, இடுக்கி, பெயின்ற் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தானும் புறப்படுவார். சாமான்களை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு வா. அவரைக் கூட்டிக்கொண்டு வராதே.

அப்பா